பாராடாங் போற பேராண்டிக்கு

அந்தமானுக்கு லீவுல போறியாமே கண்ணு, பாராடாங் தீவுல சுண்ணாம்புக் குகை பாக்கணும்னு பிளான் வேற போட்டுட்டியாம். உங்க ஆயா சொன்னா. போயிட்டு வா, நல்ல காரியம். ஆனா பம்மல், திரிசூலம் குவாரியில பாதி ஆயுசுக்கும் கருங்கல் உடைச்ச கிழவன் வீட்டுல இருக்கும்போது, கல்லைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம டிக்கெட் போட்டா எப்படி? நீ கேக்கலைன்னாலும் நான் சொல்லுவேன். திண்ணையில உக்காந்திருக்கிறவனுக்கு வேற இன்னா வேலை?

முதல்ல தூக்கம். அங்க கடிகாரம் நம்ம கடிகாரம்தான், சூரியன் மட்டும் நமக்கு முன்னாடியே எழுந்துக்கும், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் அடங்கிடும். போர்ட் பிளேருக்கு 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. எந்தப் பேரைச் சொன்னாலும் அங்கேர்ந்து பாராடாங் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். முதல் கேட்டைப் பிடிக்கணும்னா ராத்திரி மூணு மணிக்கு வண்டி ஏறணும். நீ போனைக் கீழ வைக்கிறதே மூணு மணிக்குத்தான். தூங்காம அப்படியே ஏறிடு, எழுப்புற வேலை மிச்சம்.

அப்புறம் ஜிர்கடாங் செக்போஸ்ட். வண்டிங்க வரிசை கட்டி நிக்கும். சர்க்கார் சொன்ன நேரத்துக்குத்தான் கேட் திறப்பாங்க. நீ இரும்புலியூர்ல ரெண்டு நிமிசம் நின்னா மூணு நிமிசம் ஹார்ன் அடிக்கிறவன். அங்கயும் நல்லா அடி, காடு பயந்துக்கினு ஓரமா ஒதுங்கும். கேட்டைத் தாண்டினா போலீஸ் கூடவே வரும். வழியில நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, ஜன்னல் வழியா போனை நீட்டக் கூடாது. நீ முந்தாம ஒரு ரோட்டுல போறதைப் பாக்கறதுக்குன்னே நானும் கூட வரலாம்னு தோணுது.

சிரிக்காதே, அந்த ரோட்டுல ஒரு விஷயம் இருக்கு. அது ஜாரவா ஜனங்களோட காடு. 2011 சென்சஸ்ல மொத்தமே 380 பேர். உன் அபார்ட்மென்ட்டுல ரெண்டு பிளாக்குல அத்தினி பேர் இருப்பீங்க. உங்க கேட்டுல ஒரு வெளியாள் வந்தா செக்யூரிட்டி பேரு, போன் நம்பரு, எந்த வீடுன்னு எல்லாம் கேட்டு எழுதுறான். சாப்பாடு கொண்டாற பையனுக்குத் தனி லிஃப்ட். நான் வந்தப்பகூட ‘யாரைப் பாக்கணும் பெரியவரே’ன்னு நிக்க வச்சான். அத்தினி கட்டுப்பாடா வாழுற நீ, அடுத்தவன் வீட்டு நடுவுல வண்டியில போய்க்கினு அவன் புள்ளைங்களைப் படம் எடுப்பியா? டூரிஸ்ட்டுங்களுக்காக அந்தப் பொண்ணுங்களை ஆட வச்ச வீடியோ 2012ல வெளிய வந்து ஊரே காறித் துப்பினுச்சு. அந்தக் காட்டுக்குள்ள போற ரோட்டை மூடுங்கன்னு 2002லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. கோர்ட் சொன்னதைக் கேட்டு ரோடு நின்னுச்சா? உன்னை மாதிரி குகை பாக்கற ஜனம் வந்துக்கினே இருக்குது, அதுவும் ஓடிக்கினே இருக்குது. படம் எடுத்தாலும் பிஸ்கட் பாக்கெட்டை வீசினாலும் கேசு. பிஸ்கட்டை நீயே தின்னு, பசிக்கும்.

மிடில் ஸ்ட்ரெயிட்டுல கடலைத் தாண்ட ஒரு பெரிய படகு, வண்டியையும் ஏத்திக்கும். அந்தாண்ட இறங்கினா குகைப் பக்கம் போக சின்னப் படகு. படகு உனக்குப் புதுசா இன்னா? 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்ல உன்னை மாடியிலேர்ந்து இறக்கினதே படகுதான். அன்னிக்குச் சும்மா ஏத்திக்கிறேன்னாங்க, அழுத. இப்ப காசு குடுத்து ஏறிச் சிரிக்கப் போற. கால்வாய் குறுகக் குறுக ரெண்டு பக்கமும் அலையாத்தி மரம் வளைஞ்சு தலைக்கு மேல பந்தல் போட்டிருக்கும். கையை வெளிய நீட்டாத, அந்தத் தண்ணியில முதலை உண்டு. இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். உன் வாட்ச்சு கைதட்டும்.

இனிமேதான் குகை. காதைக் குடு. மழைத் தண்ணி மண்ணுல இறங்கறப்போ அங்க இருக்கிற கார்பன் டை ஆக்சைடைச் சேத்துக்கினு லேசா புளிப்பேறிடும். அந்தப் புளிச்ச தண்ணி சுண்ணாம்புக் கல்லைக் கரைச்சுக் கரைச்சு வழி பண்றதுதான் குகை. கூரையில வந்து சொட்டறப்போ வாயு காத்துல போயிடும், கரைஞ்ச சுண்ணாம்பு அங்கயே படிஞ்சு கீழ்நோக்கித் தொங்கும். தரையில விழுந்த சொட்டு மேல்நோக்கி வளரும். நம்ம போர் தண்ணியைக் காய்ச்சற ஹீட்டர் கம்பியில வெள்ளையா ஒரு பாளம் ஒட்டுதே, சாட்சாத் அதே சரக்கு. உன் பாத்ரூம்ல வந்தா ஆசிட் ஊத்தித் தேய்க்கிற, அந்தமான்ல இருந்தா ஃபிளைட் புடிக்கிற.

அந்தப் பாளம் எத்தினி நிதானம் தெரியுமா? பல இடத்துல வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் வளருது. ராஜராஜன் தஞ்சாவூர்க் கோயிலை முடிச்சது 1010ல. அன்னிக்குச் சொட்ட ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கு உன் விரல் நீளம் வந்திருக்கும். நீ ஒரு தடவை தடவினா போதும், கையில இருக்கிற எண்ணெய்ப் பசை ஒட்டிக்கினு அந்த இடத்துல சுண்ணாம்பு சரியாப் படியாது, கறுத்தும் போயிடும். என் தொழில்ல கல்லைத் தொட்டாத்தான் கூலி. இங்க தொடாம இருக்கறதுதான் வேலை, அதுக்கும் நீதான் காசு கட்டணும். கைடு டார்ச் அடிச்சு இது புள்ளையாரு, இது யானைன்னு காட்டுவாரு. ஆமாங்கன்னு சொல்லிடு. அம்பு விட்ட இதயம் வரையணும்னு கை ஊறினா உன் கார் பானெட்டுல வரைஞ்சுக்க.

பக்கத்துலயே சேத்து எரிமலைன்னு ஒண்ணு காட்டுவாங்க. எரியாது, மலையும் இல்ல. பூமிக்குள்ள இருக்கிற வாயு தள்ளறதுல சேறு கொப்புளிக்கும். ‘இதுக்கா வந்தோம்’னு மூஞ்சியைத் தொங்கப் போடாத. ஓசியில காட்டற பூமி அவ்வளவுதான் காட்டும்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தச் சுண்ணாம்பெல்லாம் நேத்து பொறந்த கல்லு. நான் சம்மட்டியால அடிச்ச பல்லாவரத்துக் கல்லுக்கு வயசு ஏறக்குறைய 250 கோடி வருசம். அடிச்சா பொறி பறக்கும், உள்ளங்கை காய்ச்சுப் போயிடும், பாரு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரன் சமாதியில இருக்கிறதும் இந்த ஜாதிக் கல்லுதான். அதனால சார்னோகைட்டுன்னு அவன் பேரையே வச்சுட்டாங்க. உடைச்சவன் பேரை எவன் வச்சான்? 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட் நம்ம நாட்டோட கற்கால ஆயுதத்தை முதல்ல கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்துலதான். நீ தினம் அந்த வழியா ஏ.சி. போட்டுக்கினு வேலைக்குப் போற.

அதனால ஒரு சின்ன டெஸ்ட்டு. ஞாயித்துக்கிழமை தாம்பரத்துல டிரெயின் ஏறு, மூணாவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்க மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகை ஒண்ணு இருக்கு, இப்போ தர்கா. செருப்பைக் கழட்டிட்டு, போனைப் பையில போட்டுட்டு, சுவத்தைத் தொடாம, ஒரு பீடி எரியற நேரம் சும்மா நில்லு. அங்க பீடி பத்த வைக்காத, நேரக் கணக்குக்குச் சொன்னேன். நின்னுட்டியா, தாராளமா அந்தமானுக்குப் போ. நிக்க முடியலையா, அந்தக் காசுல நம்ம மொட்டை மாடிக்கு வெயில் அடங்கற பெயின்ட்டு அடிச்சுக் குடு. உங்க ஆயா கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு.