குளோபல் சார்

இவரை நீலகிரியில் இப்போது கொண்டை ஊசி வளைவுக்கு ஒருவராகப் பார்க்கலாம். சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் இருபது வருஷம் உழைத்துவிட்டுக் குன்னூரில் வீடு வாங்கிக் குடியேறியவர். ஜெர்கின், கம்பளிக் குல்லா, கழுத்தில் ஹெட்செட். ஹெட்செட்டுக்கு இனி வேலை இல்லை. ஆனாலும் கழற்ற மாட்டார். சனிக்கிழமை இன்ஜினியரிங் கல்லூரியில் கெஸ்ட் லெக்சர். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: பல நாட்டு டீமில் வேலை பார்ப்பது எப்படி? கூப்பிடாவிட்டாலும் வருவார்.

மலையில் உட்கார்ந்தபடி தூரத்து வேலை பார்க்கலாம் என்பதைத் தாமே கண்டுபிடித்ததாக நினைப்பு. 1870-களிலேயே மெட்ராஸ் மாகாண அரசாங்கம் கோடை வந்தால் ஃபைல்களைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும் என்று யாராவது சொன்னால், “அவங்ககிட்ட ‘கிட்’ வெர்ஷன் கன்ட்ரோல் இருந்துச்சா?” என்பார்.

பாடம் என்னவோ நல்ல பாடம்தான். 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் தொலைந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். லாக்ஹீட் மார்ட்டின்காரர்களின் மென்பொருள் பவுண்டில் கணக்குக் கொடுக்க, கலிபோர்னியாவில் இருந்தவர்கள் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டார்கள். கலம் போயே போச்சு. “யூனிட்டை எழுதி வை!” என்று மேசையைத் தட்டுவார். ஆசாரியிடம் செருப்பு ஸ்டாண்டுக்கு வெறுமனே ‘அறுபது’ என்று சொல்லிவிட்டு வந்தவரும் இவரேதான். இவர் நினைத்தது சென்டிமீட்டர்; வந்திறங்கியது இன்ச். இப்போது வராந்தாவில் செருப்புகள் வசதியாக இருக்கின்றன, விருந்தாளிகள்தான் வெளியே நிற்கிறார்கள்.

“வேற மொழிக்காரங்களோட பழகணும் தம்பி, பொறுமை வேணும்” என்று முதல் பெஞ்சுப் பையனுக்கு உபதேசம். அவன் வீட்டில் படுக மொழி, வகுப்பில் தமிழ், கூடலூர்க் கடைத்தெருவில் மலையாளம், குண்டல்பேட்டைச் சந்தையில் கன்னடம் பேசுகிறவன். பின் பெஞ்சுப் பெண்ணின் தாத்தா, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஹட்டன், கோத்தகிரி, திருப்பூர் என்று சிதறிக் கிடக்கும் சொந்தங்களைக் கூட்டி, அக்கா கல்யாணத்தை வாட்ஸ்அப்பிலேயே ஏற்பாடு செய்து முடித்தவள் அவள். அவளுக்குத்தான் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கம் நடந்தது.

ஒருமுறை மென்பொருள்காரர்களின் அஜைல் கொள்கை அறிக்கை பற்றிப் பேச்சு வந்தது. 2001-இல் பதினேழு பேர் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் கூடி எழுதியது. நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்று அதில் இருக்கிறது. அந்தப் பெண் எழுந்தாள்.

“அவங்க மட்டும் மலையேறி நேர்ல பேசிக்கிட்டாங்க. நாங்க ஏன் சார் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ கால்ல உட்காரணும்?”

“குட் கொஸ்டின்மா. ஆஃப்லைன்ல பேசிக்கலாம்.”

இன்றுவரை பேசவில்லை.

குன்னூரில் வீடு தேடும் ஐ.டி. அன்பர்களே, தாராளமாக வாருங்கள். சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். இந்த ஊரில் கிரிக்கெட் ஆட மழை வழிவிடுவதே வாரத்துக்கு ஒரு நாள்தான்.