ஃப்ளாஷ் வாங்கப்போகிறவர்

ஃப்ளாஷ் வாங்கியவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டப்பாவைப் பிரிப்பார், பாட்டரி போடுவார், வீட்டில் அகப்பட்டவர்கள் முகத்திலெல்லாம் பளிச் பளிச்சென்று அடித்துப் பார்ப்பார், அப்புறம் பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோவார். வாங்கப்போகிறவர் அப்படியல்ல. அவருக்கு அது அன்றாட அலுவல்.

எல்லாம் மாமியாரில் தொடங்கியது. புது கேமராவின் தலையிலிருந்து எழும்பி நிற்கும் அந்தக் குட்டி ஃப்ளாஷால் நம்மவர் எடுத்த முதல் படத்தில் மாமியாரின் இரு கண்களும் செக்கச்செவேலென்று எரிந்தன. பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல். "வெளிச்சம் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே போகுது பாருங்க, அதனால கண்ணுக்குள்ள இருக்கிற சிவப்பு அப்படியே திரும்பி வருது" என்று விளக்கினார். மாமியார் விளக்கத்தை ஏற்கவில்லை. தனியாக ஒரு ஃப்ளாஷ் வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. வாங்குவது மட்டும்தான் பாக்கி.

கைடு நம்பர் என்று ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 100-இல் அந்த எண்ணை அப்பர்ச்சரால் வகுத்தால் வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரியும். 60 என்றால், எஃப் 4-இல் 15 மீட்டர். மற்றவர்கள் இதோடு எழுந்து போய்விடுவார்கள். நம்மவர் கடைக்காரரை உட்காரவைத்துக் கேட்டார்: "கேனான் 600இஎக்ஸ்-ஆர்டிக்கு 60ன்னு போடறான். ஆனா தலையை 200 மில்லிமீட்டருக்கு ஜூம் பண்ணி வச்சுக்கிட்டுச் சொல்றான். நிக்கான் எஸ்பி-910க்கு 34தான் போடறான். அவன் 35 மில்லிமீட்டர்ல அளந்திருக்கான். இதை எப்படிங்க ஒப்பிடறது?"

"ரெண்டுமே நல்லா அடிக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

நம்மவரிடம் இருப்பது கேனான். நிக்கான் ஃப்ளாஷை அதில் மாட்டினால், வெளிச்சத்தைக் கேமராவே அளந்து சரிசெய்துகொள்ளும் டிடிஎல் வேலை செய்யாது. இது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒரு கம்பெனிக்கு அநியாயம் நடக்கும்போது சும்மா இருக்க முடியுமா? தவிர, அவர் வீட்டு ஹாலின் நீளம் நாலு மீட்டரைத் தாண்டாது.

இரக்கப்பட்ட ஆபீஸ் நண்பர் ஒருவர், பிலிம் காலத்து விவிட்டார் 283 ஒன்றைச் சும்மாவே கொடுக்க முன்வந்தார். நம்மவர் இரண்டடி பின்வாங்கினார். பழைய 283-களில் சில, கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ வழியாக 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். எல்லா டிஜிட்டல் கேமராவும் அதைத் தாங்காது. இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி. ஆனால் அதற்காக மல்ட்டிமீட்டரை இரவல் வாங்கி, ஆபீஸ் மேஜையில் அதை அளந்து, கொடுக்க வந்த மனிதரைக் கொலைமுயற்சிக் குற்றவாளிபோலப் பார்த்திருக்க வேண்டாம்.

யோங்நுவோவின் மலிவான மேனுவல் ஃப்ளாஷ் எடுத்துக்கொள்ளலாமே என்றேன். ஃபுல், பாதி, கால் என்று பவரைக் கையால் குறைத்துக்கொண்டால் தீர்ந்தது. "குழந்தை ஓடிக்கிட்டே இருப்பானே சார், ஒவ்வொரு தடவையும் திருகிக்கிட்டு இருக்க முடியுமா? டிடிஎல் இல்லாம முடியாது" என்றார். அந்தக் குழந்தை இப்போது ப்ளஸ் டூ. ஓடுவதில்லை, படம் எடுக்க விடுவதுமில்லை.

கல்யாண வீடுகளில் நம்மவருக்குப் பந்தியில் இடம் பிடிக்கும் கவலை கிடையாது. மேடையோரம் போட்டோக்காரரை ஒட்டியே நிற்பார். போன தை மாத முகூர்த்தம் ஒன்றில், "தம்பி, இதுக்கு கைடு நம்பர் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் தெரியாதுங்க சார். சார்ஜபிள் பாட்டரி நாலு செட் வச்சிருக்கேன். அடுத்த ஃப்ளாஷுக்குச் சார்ஜ் ஏற லேட்டாச்சுன்னா, எனக்காக மாப்பிள்ளை இன்னொரு தரம் தாலி கட்டுவாரா?"

ஃப்ளாஷ் வாங்குவதைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு இதுதான். நம்மவரும் பயபக்தியோடு தலையாட்டினார். ஆட்டிவிட்டு, தம் நோட்டுப் புத்தகத்தில் 'சார்ஜ் ஏறும் நேரம்' என்று புதிதாக ஒரு பத்தி கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டார்.

என்னைக் கேட்டால், ஃப்ளாஷின் தலை மேலேயும் பக்கத்திலேயும் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். முகத்தில் நேரே அடிக்காமல் கூரையில் அடித்தால், கூரை முழுக்க விளக்காகி வெளிச்சம் மெத்தென்று இறங்கும். மாமியாரின் கண்ணும் பிழைக்கும். இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "ஆமா, ஆனா கூரைக்குப் போய்த் திரும்பறதுல பாதிக்கு மேல வெளிச்சம் போயிடுமே! அதுக்குத்தான் பெரிய நம்பர் வேணுங்கறேன்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. உண்மை அவர் பக்கம் இருந்தது. அதோடு நிற்காமல், கூரையின் நிறம் முகத்தில் ஏறும், பச்சை பெயின்ட் அடித்த மண்டபத்தில் மணப்பெண் பச்சையாகத்தான் வருவாள் என்றும் சொல்லி, சட்டென்று நிமிர்ந்து தம் வீட்டுக் கூரையைப் பார்த்தார். இளநீலம்.

இப்போது முதல் வேலை கூரைக்கு வெள்ளையடிப்பது, ஃப்ளாஷ் அப்புறம்தான். பெயின்டர் சொன்ன கூலி ஃப்ளாஷ் விலையைத் தாண்டியதில் வீட்டம்மாவுக்குத்தான் வருத்தம், இவருக்கு இல்லை. நேற்று பெயின்ட் கடைப் பக்கம் போனேன். வெள்ளையிலேயே இத்தனை வகை இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை போலும். உள்ளே டியூப்லைட்டில் பார்த்தால் ஒன்றாகவும் வெளியே வெயிலில் பார்த்தால் வேறாகவும் தெரிகிறதே என்று, ஷேட் கார்டும் கையுமாகக் கடைப் பையனை வாசலுக்கும் உள்ளுக்கும் நடத்திக்கொண்டிருந்தார்.