நாலு டிக்கெட், நாலு முதலாளி

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, முகம் தெரியாத ஆளிடம் ஐம்பது ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். பன்னீர்த் திராட்சைக்கு விலை பேச வருகிற கேரள யாவாரியைப் பந்தலுக்கடியில் உட்கார வைத்து, எந்த ஊர், போன தடவை யார் தோட்டத்தில் வெட்டினார், பாக்கி வைத்தாரா என்று டீ ஆறிப்போகும்வரை விசாரிப்பார். அப்பேர்ப்பட்டவர், மகன் செல்போனை நீட்டி “இதுல பின் நம்பரைப் போடுங்கப்பா” என்றதும், லட்ச ரூபாய்க்கு மேல் ஒரே சாயங்காலத்தில் வழியனுப்பி வைத்தார். எல்லாம் அந்தமான் போகத்தான்.

டிராவல்ஸ்காரரிடம் பேக்கேஜாகக் கேட்டால் கமிஷன் அடிப்பார் என்பது மகனின் கணக்கு. அதனால் மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு கம்பெனி, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வேறு கம்பெனி, ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் தனி, அங்கே விடுதி தனி. விடுதியில் பணம் திரும்பாத ரேட்தான் மலிவு என்று அதையே அமுக்கினான். மிச்சம் பிடித்த தொகையை அத்தை தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அகல ரயிலே தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் வந்து சேர்ந்தது. ஆகவே விடியுமுன்பே காரில் கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டும்போது செய்தி வந்தது: சென்னையில் கனமழை, மதுரைக்கு வரவேண்டிய விமானம் வரவில்லை, ரத்து.

முதல் கம்பெனி நியாயஸ்தன். டிக்கெட் பணத்தை முழுசாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய்வரை இழப்பீடு என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி இருக்கிறது. மழை, புயல் என்றால் அது கிடையாது. பகலில் மழை விட்டது. இரண்டாவது கம்பெனியின் விமானம் டாணென்று நேரத்துக்குக் கிளம்பியது. “எங்க ஃப்ளைட் போயிடுச்சு சார், நீங்கதான் வரலை” என்றார்கள். இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் எடுத்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் தலைவலியாக இருந்திருக்கும். கப்பல்காரர் பாதியைப் பிடித்துக்கொண்டார். விடுதி மேனேஜரோ தேன் குரலில், “ரூம் ரெடியா இருக்கு சார், எப்ப வேணா வாங்க” என்றார்.

மகன் கொதித்தான். மாமா கொதிக்கவில்லை. “அவன் சொல்றது நியாயந்தான் மருமகனே. வெட்டுற அன்னிக்கு யாவாரி வரலைன்னா நான் அட்வான்ஸைத் திருப்பிக் குடுப்பேனா?”

இதுதான் விஷயம். நாலு பேரும் தங்கள் வாக்கைக் காப்பாற்றியாயிற்று. பயணம் என்கிற மொத்தத்துக்கு மட்டும் பொறுப்பாளி இல்லை. ஒருவரே எல்லாவற்றையும் விற்றிருந்தால், நுகர்வோர் ஆணையத்தில் பிடிக்க ஒரு சட்டையாவது இருந்திருக்கும். இங்கிலாந்தில் பேக்கேஜ் விற்ற கம்பெனியே கவிழ்ந்தாலும் காப்பாற்றவென்று 1973 முதல் அட்டோல் என்று ஒரு ஏற்பாடு. 2019 செப்டம்பரில் அங்கே தாமஸ் குக் என்ற சுற்றுலாக் கம்பெனி கவிழ்ந்தபோது, வெளிநாடுகளில் நின்ற சுமார் ஒன்றரை லட்சம் பேரை அரசாங்கமே விமானம் பிடித்து ஊர் சேர்த்தது. பேக்கேஜ் வாங்கியவர்களுக்குப் பணமும் வந்தது. (நம்மூர் தாமஸ் குக் வேறு கம்பெனி, அதைத் திட்ட வேண்டாம்.)

நம்மூர்க் கதை கோ ஃபர்ஸ்ட் என்ற விமானக் கம்பெனி. 2023 மே 2-ஆம் தேதி திவால் மனு போட்டது. மூன்று நாளைக்கு மட்டும் விமானம் ரத்து என்று தொடங்கியது, பிறகு பறக்கவே இல்லை. 2025 ஜனவரியில் சொத்துகளை விற்றுக் கலைக்க உத்தரவு. டிக்கெட் வாங்கியவர்கள் கடன்காரர்கள் வரிசையில், வங்கிகளுக்கு ரொம்பப் பின்னால், பந்தி முடிந்து வந்த விருந்தாளியாக நிற்க வேண்டியதாயிற்று. கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு ஒரு கொல்லைப்புற வழி உண்டு: ‘சேவை கிடைக்கவில்லை’ என்று வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அங்கே மாட்டிக்கொண்டு நிற்பது முதலில் வங்கியின் பணம். கணக்கிலிருந்து நேராக அனுப்பிவிட்டவர் தன் பணத்துக்குத் தானே அலைய வேண்டும். கடன் வாங்காத யோக்கியனுக்குத்தான் பாதுகாப்பு குறைவு என்பது எந்த ஊர் நியாயமோ! மாமாவின் விடுதிக் காசுக்கு இதுவும் உதவாது. அங்கேதான் ரூம் ரெடியாக இருந்ததே.

இருந்தாலும் மாமா ஒரு கார்டு வாங்கக் கிளம்பினார். வங்கியில் வருமானவரிக் கணக்கு கேட்டார்கள். விவசாய வருமானத்துக்கு வரியே இல்லை, கணக்குக்கு எங்கே போவது? “ஒரு லட்சம் டெபாசிட் போடுங்க, அது மேல கார்டு தர்றோம்” என்றார்கள்.

மாமா வீட்டுக்கு வந்து துண்டை உதறினார். “எம் பணத்தை அவங்ககிட்டக் குடுத்து வைக்கணுமாம். அப்புறம் அவங்ககிட்ட நான் கடன் வாங்கணுமாம். தேதி தவறுனா வட்டியும் நானே கட்டணுமாம்!”

“போட்டுட்டு வந்தீங்களா, இல்லையா?” என்றாள் அத்தை.

“போட்டாச்சு” என்றார் மாமா.