வாடகை வீட்டுச் சுவரில் ஆணி: புதிய முதலீட்டாளருக்கான ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்குபவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எந்த ஏரியா, எத்தனையாவது மாடி, வாசல் எந்தப் பக்கம், கடன் எந்த வங்கியில் என்று டீக்கடை பெஞ்சு வரை நிபுணர்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் ஹவுஸ் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவே தொங்கிக்கொண்டிருக்கும் ஆணியைப் பற்றி முறையான ஆய்வு ஏதும் இல்லை.

தமிழில் இத்துறையில் நடந்த ஒரே பெரிய களப்பணி, 2001-இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் காண்டிராக்டர் நேசமணி தலைமையில் நடந்தது. தேவையான ஆணி எது, தேவையில்லாத ஆணி எது என்ற சிக்கலை முதலில் எழுப்பிய பெருமை அக்குழுவையே சேரும். எனினும் அவர்கள் பிடுங்குவதை மட்டுமே ஆராய்ந்தார்கள். அடிப்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம், சென்னையும் அதன் புறநகரும்.

2. ஆணி வகைப்பாடு

அ. மரபாணி: முந்தைய குடித்தனக்காரர்கள் விட்டுச் சென்றது. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. காலி செய்யும் நாளில் மட்டும் அது கடைசியாக இருந்தவர் அடித்ததாகிவிடும்.

ஆ. சாமி பட ஆணி: பால் காய்ச்சிய அன்றே அடிக்கப்படுவது. இதை மறுக்கத் துணிந்த ஓனர் ஆய்வில் அகப்படவில்லை.

இ. காலண்டர் ஆணி: தினசரி காலண்டருக்காகப் பிறந்து, சாவிக்கொத்து, குடை, மஞ்சப்பை, கரண்ட் பில் அனைத்தையும் சுமப்பது.

ஈ. கொசுவலை ஆணி: நான்கின் மடங்குகளில் மட்டுமே காணப்படும்.

உ. துளை: டிவிக்கும் ஏசிக்கும் டிரில்லிங் மெஷின் போடுவது. கறாராகச் சொன்னால் இது ஆணி இல்லை. ஆயினும் அட்வான்ஸ் திருப்பித் தரும்போது ஆணிக் கணக்கில்தான் வரும்.

3. மூன்று கொள்கைப் பிரிவினர்

ஓனர்கள் மூவகையினர். முதலாமவர் முற்றும் மறுப்பவர்: “ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது” என்பதைச் சாவி கொடுக்கும்போது சொல்வார், வாடகை வாங்க வரும்போதெல்லாம் சுவரைப் பார்ப்பார். இரண்டாமவர் எண்ணுபவர்: அடிக்கும்போது பேசமாட்டார், காலி செய்யும் அன்று டார்ச்சோடு வருவார். மூன்றாமவர் தொலைவிலிருப்பவர்: துபாயிலோ கோயம்புத்தூரிலோ இருந்துகொண்டு மச்சான் மூலம் வீட்டைப் பராமரிப்பவர். சுவரையே பார்க்காததால் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் தண்ணீர்க் கசிவையும் பார்ப்பதில்லை.

4. ஆணியின் பொருளாதாரம்

ஒரு கணக்கு. மறுவிற்பனைக்கு வரும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றின் விலை 60 லட்சம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். வாடகை மாதம் 15 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், அதாவது விலையில் 3 சதவீதம். வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு வைத்தாலே இதைவிடக் கூடுதல் வட்டி வரும். முதல் மூன்று ஆண்டு வாடகை பத்திரச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. புதிய முதலீட்டாளர் இந்த இடத்தில் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம்.

இந்த 3 சதவீதத்தையும் அரிப்பது எது? வீடு காலியாகக் கிடக்கும் மாதம். ஒரு மாதம் காலியானால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். புரோக்கர் கமிஷன் தனி. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாறுவதில்லை. ஆனி கடைசியில் வீடு காலியானால் ஆவணி பிறக்கும்வரை ஓனர் ‘டூ லெட்’ போர்டைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறுபுறம், ஆணி போன ஓட்டையை அடைக்கும் புட்டிக்கும் அதன்மேல் தடவும் பெயிண்டுக்கும் ஆகும் செலவு இரண்டு பேர் டீ, பஜ்ஜி சாப்பிடும் செலவைத் தாண்டாது. ஆக, காலண்டர் மாட்ட இடமில்லாமல் மனம் வெறுத்து ஒரு நல்ல குடும்பம் காலி செய்தால், அது 15 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள ஆணி மறுப்பாகும். ஒழுங்காக வாடகை தருகிற ஒருவர் ஐந்து ஆண்டு இருந்து, சுவரில் ஐம்பது ஆணி அடித்தாலும் ஓனருக்கு லாபமே.

5. ஆணியும் சட்டமும்

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதியப்பட வேண்டும் என்கிறது அது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு அஞ்சிப் பிறந்தது பதினொரு மாத அக்ரிமெண்ட். சட்டம் மாறியும், ஸ்டாம்ப் பேப்பர் விற்பவர் இன்றும் அதையே டைப் செய்து வைத்திருக்கிறார்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்ற அதே சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்றும் சேர்த்தது. சென்னையில் எல்லோரும் வேறுவிதமாகத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் அப்படியே வாழ்கிறது. ஒப்பந்தத்தில் மாற்றிச் சொல்லாதவரை, வெள்ளையடிப்பதும் வயரிங்கும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. வழக்கமோ, பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலேயே பிடித்துக்கொள்கிறது. பெயிண்டிங் காசு வாங்கிய பிறகும் ஆணிக்குத் தனியாகக் காசு பிடிப்பது, ஒரே சுவருக்கு இருமுறை வரி விதிப்பதாகும்.

வருமான வரித் துறை ஓனரைவிடப் பெருந்தன்மையானது. வாடகையில் சொத்து வரியைக் கழித்தபின், மீதியில் 30 சதவீதத்தைக் கேள்வியின்றித் தள்ளுபடி செய்கிறது. பழுதுபார்த்த பில் கேட்பதில்லை, ஆணியை எண்ணுவதில்லை.

6. வாங்குமுன் ஆணிச் சோதனை

பழைய ஃபிளாட் பார்க்கப் போகிறவர் மரபாணிகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆணி துருப்பிடித்து, சுற்றிலும் பெயிண்ட் உப்பியிருந்தால் சுவரில் ஈரம் இறங்கியிருக்கலாம். பக்கத்தில் குளியலறையா, மேலே மொட்டைமாடியா என்று கேட்க வேண்டும். விரலால் அசைக்கும்போது மணல் கொட்டினால் பூச்சு வேலை சரியில்லை. ஆணியின் தடமே இல்லாமல் சுவர் பளபளத்தால், விற்பதற்காகப் போன வாரம் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

ஆணி சொல்லாதவற்றைக் காகிதம் சொல்லும். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, சங்கத்துக்குப் பராமரிப்புப் பாக்கி உண்டா, கோடையில் லாரித் தண்ணீரா என்பவற்றை ஒரு வக்கீலையும் வாட்ச்மேனையும் தனித்தனியே கேட்டு அறியலாம். இருவரில் வாட்ச்மேன் குறைந்த கட்டணத்தில் கூடுதல் உண்மை சொல்வார்.

7. முடிவுகள்

முதலாவது, வாடகைக்கு விட்ட வீடு ஒரு தொழில். தொழிலில் தேய்மானம் உண்டு. சாவியைக் கொடுத்த பிறகும் சுவரை மனசுக்குள் பூட்டி வைத்திருப்பவர் முதலீட்டாளர் இல்லை. அடுத்தவர் குடியிருக்கும் வீட்டுக்குக் காவல்காரர்.

இரண்டாவது, “எங்களுக்குச் சைவம்தான் வேண்டும், பேச்சிலர் வேண்டாம்” என்று நேர்காணல் நடத்துவதைவிட, வேலை, முந்தைய வாடகைப் பழக்கம், ஆதார் அட்டை ஆகியவற்றை விசாரிப்பது பயனுள்ளது. சாம்பார் வைப்பவரும் வாடகை பாக்கி வைப்பார்.

மூன்றாவது, அக்ரிமெண்டில் “அறைக்கு நான்கு ஆணி, டிரில்லிங்குக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்” என்று எழுதிவிடலாம். உள்ளே விடும் நாளில் இருவரும் சேர்ந்து சுவர்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், மரபாணி வழக்குகள் எழா.

8. மேலாய்வுக்கான களம்

மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், வடாம் காயும் நாளில் அதன் சட்டநிலை என்ன என்பது அடுத்த ஆய்வு. நிதியுதவி அளிக்க முன்வருவோரிடம் பத்து மாதத் தொகை அட்வான்ஸாகப் பெறப்படும். திருப்பித் தரும்போது பெயிண்டிங் செலவு பிடிக்கப்படும்.