கொட்டேஷன் இலக்கணம்

நிலைமொழியோடு வருமொழி சேரும்போது நடுவே மூன்று விகாரங்கள் வரலாம். பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி. இல்லாத 'ங்' ஒன்று முளைக்கிறது, இது தோன்றல். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். இருந்தது வேறாகிறது, இது திரிதல். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். இருந்த 'ம்' காணாமல் போகிறது, இது கெடுதல். ஒன்றும் நடக்காமல் இருந்தபடியே சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. பள்ளியில் தமிழையா மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த நன்னூல் பாடம் இது.

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுத்துகளை வைத்து இதைச் சொன்னார். எழுத்தைவிடக் கார் விலைக்கே இது கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். நிலைமொழி, கொட்டேஷன். வருமொழி, ஃபைனல் பில். இவ்விரண்டுக்கும் இடையில் இயல்புப் புணர்ச்சி நடந்ததாகக் களத்தில் ஒரு சான்றும் கிடைக்கவில்லை.

ஆய்வுக்களம் சென்னையின் ஜிஎஸ்டி சாலையில் உள்ள ஒரு ஷோரூம். (அந்தச் சாலைக்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பதன் சுருக்கம் அது. வரி 2017இல்தான் வந்தது. ஆனாலும் அந்த ரோட்டில் நின்று பில்லைப் படிக்கும்போது பெயர்ப்பொருத்தம் உறுத்தாமல் இல்லை.) ஆய்வு மாதிரி ஒரு குடும்பம். ஆய்வாளர் நான். உதவி ஆய்வாளர் என் மைத்துனன். நெறியாளர் என் மனைவி; ஆனால் அவர்தான் நெறியாளர் என்பது ஆய்வின் கடைசிக் கட்டத்தில்தான் தெரியவந்தது.

முதலில் தரவு. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கிடைத்த கொட்டேஷன்படி எக்ஸ்-ஷோரூம் விலை 8,40,000. சாலை வரி 1,09,200. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம் என்பதால் இது சரியான கணக்கு. இன்சூரன்ஸ் 38,800. பதிவு, ஃபாஸ்டாக் இத்யாதி 5,000. டிஸ்கவுண்ட் கழிவு 20,000. ஆன்-ரோடு 9,73,000. கீழே சேல்ஸ் எக்சிகியூட்டிவ் தம்பியின் கையெழுத்து, பக்கத்தில் பச்சை மையில் ஒரு சிரிக்கும் முகம். புக்கிங் 11,000 கட்டி ரசீது வாங்கினோம்.

தை பிறந்து அலாட்மென்ட் வந்தது. வெள்ளிக்கிழமை காலை 9:30 மணிக்கு டெலிவரி என்று குறித்து, அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லி, பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜைக்கும் ஏற்பாடு செய்த பிறகு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் வருமொழி வந்தது: 10,32,460. இன்றைக்கு நாலு மணிக்குள் பணம் போட்டால்தான் வெள்ளிக்குள் ரிஜிஸ்ட்ரேஷன் முடியும் என்று கீழே ஒரு வரி.

வித்தியாசம் 59,460 ரூபாய். இதைச் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்போம்.

தோன்றல்: ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500, 'எசென்ஷியல் கிட்' 14,900. இரண்டும் கொட்டேஷனில் இல்லை. பூங்கொடியில் வந்த 'ங்' மாதிரி எங்கிருந்தோ முளைத்தன.

திரிதல்: 8,40,000 என்பது 8,52,000 ஆனது. ஒரு திரிதல் இன்னொன்றைப் பெறும் என்பது புது விதி: விலை திரிந்ததால் அதன்மேல் போடும் வரியும் 1,560 ரூபாய் திரிந்தது. இன்சூரன்ஸ் 38,800லிருந்து 47,300க்குத் திரிந்தது. டயருக்கு ஒரு கவர், சாவி தொலைந்தால் ஒரு கவர், வண்டிக்குள் வைத்த பொருள் தொலைந்தால் ஒரு கவர் என்று இடையில் சேர்ந்திருந்தன.

கெடுதல்: 20,000 டிஸ்கவுண்டில் 15,000 கெட்டது.

கூட்டிப் பாருங்கள், சரியாக 59,460 வரும். ஒரு ரூபாய்கூட இலக்கணத்துக்கு வெளியே நிற்கவில்லை. நன்னூலாரை நினைத்து மெய்சிலிர்த்தது. மைத்துனனுக்குச் சிலிர்க்கவில்லை. "மாமா, நீங்க பரவசப்பட்டது போதும், கிளம்புங்க" என்று என்னையும் என் மனைவியையும் கிளப்பினான்.

ஷோரூமில் முதலில் கவனித்தது வினைச்சொல்லை. தம்பி சொன்னது, "வெல ஏறிடுச்சு சார்." டீம் லீடர் சொன்னது, "ஜனவரில ஏறிடுச்சு சார்." மேனேஜர் சொன்னது, "எல்லா மாடலுக்கும் ஏறியிருக்கு சார்." மூவரில் ஒருவர்கூட "ஏத்திட்டோம்" என்று சொல்லவில்லை. ஏறினது தன்வினை, ஏற்றினது பிறவினை. தன்வினையில் பொழுது ஏறும், வெயில் ஏறும், விஷம் ஏறும், யாரும் பொறுப்பில்லை. விலையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் கோபப்பட ஆள் கிடையாது. எழுவாய் எங்கே என்று துருவிக் கேட்டால் "கம்பெனி" என்பார்கள். கம்பெனி அங்கே இல்லை. தோன்றா எழுவாய் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

ஒப்புநோக்குக்கு இன்னொரு தரவு. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டி மாறியது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சின்னக் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸுமாக இருந்த வரி 18 சதவீதமாக இறங்கியது. அப்போது நான் பார்த்த பேனர்களில் ஒன்றில்கூட 'விலை குறைந்துவிட்டது' என்று இல்லை. 'விலையைக் குறைத்துவிட்டோம்!' குறைத்தது அரசாங்கம், வினைமுற்று ஷோரூமுடையது. ஆகவே விதி: ஏறும்போது தன்வினை, இறங்கும்போது பிறவினை என்க.

சரித்திரத்தையும் தொட்டுவிடலாம். கார்களும் ஸ்கூட்டர்களும் அரிதாக இருந்த காலத்தில் கணக்கே வேறு. வருஷக்கணக்கில் காத்திருந்து பஜாஜ் சேடக் அலாட்மென்ட் கிடைத்தவர், வண்டியைத் தொடாமலே அந்தக் காகிதத்தைப் பிரீமியத்துக்கு விற்றுவிடலாம். முதல் மாருதி 800இன் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கொடுத்தார். மார்கழி பிறக்கும் முன்பே கொடுத்துவிட்டார் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளவும். இந்த ஆய்வில் மார்கழிக்கு முக்கிய இடம் உண்டு.

ஏனென்றால், மேனேஜர் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, புக்கிங் ஃபாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஏழாவது நிபந்தனை: டெலிவரி நாளில் நடப்பிலுள்ள விலையே பொருந்தும். கீழே என் கையெழுத்து. அழகான கையெழுத்துதான்.

நான் ஒரு சட்டத்தைக் கையில் வைத்திருந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பேசிய காலத்துக்குள் பொருளைத் தராமல் வியாபாரி இழுத்தடித்து அதனால் விலை ஏறினால், அதை 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்கிறது. நான் அதைச் சொன்னேன். மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். 'வண்டி டிசம்பர் 27 டெலிவரிக்குத் தயார். கஸ்டமர் மார்கழி வேண்டாம், தையில் போதும் என்று கேட்டுக்கொண்டார்.' தேதியோடு பதிவாகியிருந்தது.

உண்மைதான். ஒவ்வொரு டிசம்பரிலும் கார் கம்பெனிகள் ஜனவரி முதல் விலை ஏறும் என்று அறிவிப்பது வழக்கம். பழைய வருஷத்து வண்டியைத் தள்ளிவிட டிசம்பரில்தான் டிஸ்கவுண்டும் கொட்டும். அந்த டிசம்பரின் பின்பாதியைத் தமிழர்கள் மார்கழி என்று சொல்லிப் பூட்டிவைத்திருக்கிறோம். தாமதம் வியாபாரியுடையதாக இருந்தால் சட்டம் துணைக்கு வரும். நம் முன்னோருடையதாக இருந்தால் வராது. 12,000 விலையும் 1,560 வரியும் சேர்ந்த 13,560 ரூபாயை ஆய்வாளர் மார்கழி வரி என்று பெயரிட்டு ஒப்புக்கொள்கிறார். (பில்லை டிசம்பரில் போட்டுப் பதிவும் செய்துவிட்டு, வண்டியைத் தையில் எடுத்திருக்கலாமே என்று மைத்துனன் கேட்டான். கேட்டது பிப்ரவரியில்.)

மீதி 45,900 வேறு கதை. அதற்கு ஏழாவது நிபந்தனை உதவாது, ஏனென்றால் அது காரின் விலையே அல்ல. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் அதே சட்டம் அதே பிரிவில் 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்கிறது. 'எசென்ஷியல் கிட்'டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், ஒரு சாவிக்கொத்து, ஒரு ஸ்டியரிங் உறை, ஒரு வாசனைப் புட்டி, அப்புறம் அண்டர்பாடி கோட்டிங். "வேண்டாம்" என்றேன். "எல்லாரும் எடுத்துக்கறாங்க சார்" என்றார். இது விடை வகைகளில் எதில் சேரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே மைத்துனன், "ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல வாங்கிக்கறோம் சார்" என்றான். கார் சாமான் கடைகள் நிறைந்த அந்தத் தெருவின் பெயரைக் கேட்டதும் மேனேஜர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மறுபேச்சு இல்லை.

இன்சூரன்ஸும் அப்படியே. கார் வாங்கும்போது மூன்று வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். சொந்த வண்டிச் சேதத்துக்கும் ஆட்-ஆன்களுக்கும் போடும் தொகைதான் ஆளுக்கு ஆள் மாறும். அதை ஷோரூமிலேயே எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. போனிலேயே வேறு இடத்தில் கேட்டதில் 36,400க்குக் கிடைத்தது, சாவிக்குக் கவர் இல்லாமல். சாவியை நாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்றால் என்ன என்று கேட்டேன். "யார்டிலேர்ந்து வண்டிய ஷோரூம் கொண்டுவரணும்ல சார்." கொண்டுவராமல் ஷோரூமில் எப்படி விற்பீர்கள் என்று கேட்டதற்கு, "பேசிப் பாத்துட்டு..." என்றார். வினையெச்சம். முற்றுப்பெறவில்லை. ஷோரூம் மொழியில் வாக்கியங்கள் பெரும்பாலும் எச்சத்தில்தான் நிற்கும்: 'மேல கேட்டுட்டு...', 'சிஸ்டத்துல பாத்து...'. இந்த இடத்தில் நாமும் பேசாமல் இருந்தால், எச்சம் ஏங்கி ஏங்கித் தானே முற்றாகும் என்பது கள அனுபவம்.

டிஸ்கவுண்ட் விஷயத்தில்தான் சிக்கல். டிசம்பர் ஸ்கீம் முடிந்துவிட்டது என்றார். மைத்துனன் அலாட்மென்ட் காகிதத்தில் இருந்த சேசிஸ் எண்ணைக் காட்டினான். வண்டி எந்த வருஷம், எந்த மாதம் செய்தது என்பது அதற்குள் குறியீடாக இருக்கும். எங்கள் வண்டி நவம்பரில் பிறந்தது. ஜனவரி விலை வேண்டும், ஆனால் வண்டி மட்டும் போன வருஷத்தது. "பில்லிங் தேதிதான் சார் கணக்கு" என்றார் மேனேஜர். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி 3:20. "நாலு மணிக்குள்ள பணம் வரலைன்னா வெள்ளிக்கிழமை டெலிவரி கஷ்டம் சார். நீங்க நாள் குறிச்சிருக்கீங்க..."

இங்கேதான் ஆய்வின் கருதுகோள் வெளிச்சத்துக்கு வருகிறது. விலை ஏறுவதற்குக் காரணம் எஃகு விலையோ டாலரோ மட்டுமல்ல. வாங்குபவர் அத்தைக்குச் சொல்லிவிட்டார் என்பது ஷோரூமுக்குத் தெரியும். அன்றைக்கு நல்ல நேரம் 9:30 என்று நாங்களே தம்பியிடம் சொல்லி, மாலைக்கும் ரிப்பனுக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தோம். கார்த்திகையில் பணம் எங்கள் கையிலும் வண்டி அவர்கள் கையிலும் இருந்தன. செவ்வாய்க்கிழமை வண்டியோடு முகூர்த்தமும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

நான் பேங்க் ஆப்பைத் திறந்துகொண்டிருந்தேன். அதுவரை வாய் திறக்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி சொன்னார்: "என்னங்க, அவசரம் என்ன இருக்கு? இந்த வெள்ளி இல்லைன்னா அடுத்த வெள்ளி. தை முழுக்க நல்ல நாள்தான். அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஷோரூமுக்கும் ஒரு முகூர்த்தம் உண்டு, அதற்கு டார்கெட் என்று பெயர். மேனேஜர் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். கெட்ட 15,000 மீண்டும் தோன்றியது. ஹேண்ட்லிங் சார்ஜ் கெட்டது.

இறுதிக் கணக்கு: ஷோரூமுக்கு 9,47,760; வெளியே எடுத்த இன்சூரன்ஸ் 36,400; மொத்தம் 9,84,160. நிலைமொழியைவிட 11,160 அதிகம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மேட்டும் மட் ஃப்ளாப்பும் 3,100.

இதே புணர்ச்சியில் மாட்டியிருக்கும் வாசகர்களுக்கு: கொட்டேஷனில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எசென்ஷியல் கிட் கட்டாயம் என்று சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள். முடியாமல் போனால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். ஃபைனல் பில் கைக்கு வரும்வரை அத்தைக்குப் போன் போடாதீர்கள்.

வண்டி அந்த வெள்ளிக்கிழமையே 9:50க்கு வெளியே வந்தது, ராகு காலத்துக்கு நாற்பது நிமிஷம் முன்னதாக. சக்கரத்துக்கு வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களும் வீட்டிலிருந்து கொண்டுபோனவை. அவற்றுக்கு ஹேண்ட்லிங் சார்ஜ் போடவில்லை.