இரண்டு சப்ளை, ஒரு பிளக்

எங்கள் அலுவலக நெட்வொர்க் சுவிட்ச்சுக்கு இரண்டு பவர் சப்ளை. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருகியிருக்கிறோம். ஒற்றுமையே பலம்!

சுவிட்ச்சை வாங்கிய நாளிலிருந்து அதன் ஃபர்ம்வேரைத் தொட்டதில்லை. ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும்? பாதுகாப்பு ஓட்டைகளும் பழகிவிட்டன.

2018-இல் வந்த நெட்வொர்க் தரப்படி ஒரே கேபிளில் டேட்டாவோடு 90 வாட் மின்சாரமும் போகும். எங்களுடையது 2003-ஆம் ஆண்டுத் தரம், போர்ட்டுக்கு 15.4 வாட். அந்த மின்சாரம் போதாமல் கேமராக்கள் முறைவைத்து விழித்திருக்கின்றன. (காவலாளியும் அப்படித்தான்.)

போன வாரம் துணிந்து அப்டேட்டைத் தொடங்கினோம். ‘மின்சாரத்தைத் துண்டிக்காதீர்’ என்றது திரை. 92 சதவீதம். மேலாளர் வந்தார். சுவரிலிருந்து பாக்ஸைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போன் சார்ஜரைச் செருகினார். இரண்டு சப்ளையும் ஒரே நொடியில் அணைந்தன. துளியும் பாரபட்சம் இல்லை.

அவர் போன் 100 சதவீதம் ஏறிவிட்டது.