அடித்தது யார், விழுந்தது யார்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆக்‌ஷன் படங்களையும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களையும் பற்றியவை. பதில்கள் எல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்த்தவனின் சொந்தக் கருத்து. ரசிகர் மன்றங்கள் பொறுத்தருள்க.

சமீபத்துச் சண்டைக் காட்சிகளில் அடிப்பது யார், விழுவது யார் என்றே தெரியவில்லை. கண் டாக்டரைப் பார்க்கணுமா?
*– கண்ணாடி மாற்றியும் பயனில்லாதவர், தஞ்சாவூர்*

கண் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு எடிட்டிங்கில். ‘டேக்கன் 3’ படத்தில் லியாம் நீசன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுவார். பந்து பொறுக்கப் போகும் பையன் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிற வேலி. அந்தச் சில வினாடித் தாண்டலை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நறுக்கி ஒட்டியிருந்தார்கள். கை, வேலி, கால், மறுபடி வேலி. அறுபதைக் கடந்த மனிதர், முட்டி வலி இருக்கும், புரிகிறது. அதற்காக நமக்குத் தலைவலி வர வேண்டுமா?

வெட்டுவது பாவம் என்று சொல்லவில்லை. ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015) இரண்டு மணி நேரப் படம்; சுமார் 2,700 வெட்டுகள். ஆனால் எந்த லாரி எங்கே போகிறது, யார் எதில் தொங்குகிறார் என்பதில் ஒரு கணம்கூடக் குழப்பம் வராது. ஒவ்வொரு ஷாட்டிலும் பார்க்க வேண்டியதைத் திரையின் நடுவிலேயே வைத்திருந்தார்கள். கண் தேடி அலைய வேண்டியதில்லை. எடிட்டர் மார்கரெட் சிக்ஸல், மில்லரின் மனைவி. அதற்கு முன் ஆக்‌ஷன் படம் எதையும் எடிட் செய்யாதவர். பென்குயின்கள் ஆடும் ‘ஹேப்பி ஃபீட்’டில் வேலை பார்த்தவர். அதனால்தான் அவரைப் பிடித்துப் போட்டார் மில்லர். வழக்கமான ஆக்‌ஷன் எடிட்டரிடம் கொடுத்தால் வழக்கமான ஆக்‌ஷன் படம்தானே வரும்? அந்த ஆண்டு எடிட்டிங்குக்கான ஆஸ்கர் அந்த அம்மாவுக்கே போனது.

இன்னொரு சுவாரஸ்யம். ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் பகுதியில் எடுக்க வேண்டிய படம் அது. காலம் தப்பிப் பெய்த மழையில் அந்த வறண்ட நிலமெல்லாம் பூ பூத்துவிட்டது. உலகம் அழிந்த கதைக்குப் பூந்தோட்டம் எதற்கு என்று மொத்தப் பட்டாளமும் நமீபியாவுக்குக் கிளம்பிப் போயிற்று.

தமிழில் அப்படி ஒரு படம் சொல்லுங்கள், பார்ப்போம்.
*– சவால் விடும் வாசகி, ஈரோடு*

‘கைதி’ (2019). ஒரே ராத்திரி, ஒரு லாரி, ஒரு போலீஸ் கமிஷனர் அலுவலகம். அந்தக் கட்டடத்துக்குள் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளும் ஜார்ஜ் மரியான் நடித்த வயதான கான்ஸ்டபிளும்தான். கதவு எது, ஜன்னல் எது, எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருவான் என்று நமக்கே வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் கதவு ஒருமுறை அதிர்ந்தாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. கார்த்தி பிரியாணி சாப்பிடுகிற காட்சிக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது அந்தக் கான்ஸ்டபிளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

‘கைதி’யை எடுத்த அதே லோகேஷ் கனகராஜின் ‘லியோ’வில் கழுதைப்புலி வரும்போது பயந்தேன். பிற்பாதியில் கார்கள் துரத்தும்போது பயம் வரவில்லை. காருக்குக் கனமே இல்லை, காகிதம் மாதிரி மிதக்கிறது.

விண்வெளியில் சத்தம் கேட்காதாமே? அப்புறம் ஏன் அத்தனை ‘டமால்’?
*– எட்டாம் வகுப்பு மாணவன், நாமக்கல்*

அட்மாஸ் ஸ்பீக்கருக்கு ஆன செலவைத் தியேட்டர்காரர் எப்படி எடுப்பார், தம்பி? ‘கிராவிட்டி’யில் (2013) விண்கலங்கள் சத்தமின்றி நொறுங்கும். டமாலை விட அதுதான் பயங்கரம்.

‘ட்யூன்’ படத்தில் பல்லாயிரம் ஆண்டு கழித்தும் கத்தியைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிறார்களே, ஒரு துப்பாக்கி வாங்க வக்கில்லையா?
*– லாஜிக் பார்ப்பவர், சிவகாசி*

நல்ல கேள்வி. ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965-இலேயே இதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டார். அந்த உலகத்தில் ஆளாளுக்கு உடம்பைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத கவசம். வேகமாக வரும் எதையும் அது தடுத்துவிடும். மெதுவாக வருவதை விட்டுவிடும். தோட்டா செல்லாது, நிதானமாக இறங்கும் கத்தி செல்லும். ஆகவே கத்தி. சரி, பாலைவனத்து ஃப்ரெமன்கள் ஏன் கவசம் போடுவதில்லை? மணலில் அதை இயக்கினால் ராட்சதப் புழுக்கள் வெறிகொண்டு வந்துவிடும். ஒரே ஒரு பொய், அதிலிருந்து எத்தனை விஷயங்கள் தானாக விளைகின்றன, பாருங்கள். சண்டையின் தாளமே மாறிவிடுகிறது: பாய்ந்து வந்து, கடைசி அங்குலத்தில் நிதானிக்க வேண்டும். டெனி வில்னவ் 2021-இலும் 2024-இலும் எடுத்த இரண்டு பாகங்களிலும் இந்த விதியை மீறவில்லை. டிமதி ஷலமே புழுவின் முதுகில் ஏறும் காட்சியில் என் பக்கத்து சீட்டுக்காரர் கைப்பிடியை விடவே இல்லை. அது என் கைப்பிடியும்கூட.

சயின்ஸ் ஃபிக்‌ஷனிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முதல் கால் மணியில் எவ்வளவு பெரிய பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். அப்புறம் அதற்கு விசுவாசமாக இருங்கள். ரோலண்ட் எமரிக்கின் ‘மூன்ஃபால்’ (2022) போல, நிலா பாதை மாறுகிறது என்று ஆரம்பித்து, நிலா உள்ளீடற்ற கூடு என்று சொல்லி, அதைக் கட்டியதே நம் முன்னோர்கள்தான் என்று முடித்தால், டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கத் தோன்றும்.

‘இன்டர்ஸ்டெல்லார்’ எனக்குப் புரியவில்லை. என் மகன் என்னைக் கேவலமாகப் பார்க்கிறான்.
*– பாவப்பட்ட தந்தை, திருநெல்வேலி*

மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியில் அந்த அலமாரிக்குப் பின்னால் என்னடா நடக்கிறது?” அவன் யோசிக்கிற நேரத்தில் நீங்கள் காபி குடித்துவிடலாம்.

உண்மையில் அந்தப் படத்தில் புரிய வேண்டிய ஒரே விஷயம் புரிந்தால் போதும். அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டு. பக்கத்தில் ராட்சதக் கருந்துளை இருப்பதால் காலம் அப்படி இழுபடுகிறது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் கிப் தோர்ன். படம் வந்து மூன்று ஆண்டில், 2017-இல், ஈர்ப்பலை ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். திரையில் தெரியும் கருந்துளையின் உருவமே அவருடைய சமன்பாடுகளைக் கணினியில் போட்டு வரவழைத்ததுதான். இயக்குநர் நோலன் அந்தக் கணக்கை என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம். கப்பலுக்குத் திரும்புகிற அப்பன் 23 ஆண்டு வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கிறான். பிள்ளைகள் அவன் கண் முன்னே வளர்ந்து, கல்யாணம் செய்து, அவன் மேல் நம்பிக்கை இழக்கிறார்கள். சமன்பாட்டைப் பார்த்து ஒரு தியேட்டரே மூக்கை உறிஞ்சியதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அதே நோலனின் ‘டெனெட்’ (2020) வேறு ஜாதி. அதில் ஒரு விஞ்ஞானிப் பெண்ணே ஹீரோவிடம், புரிந்துகொள்ள முயலாதே, உணர்ந்து பார் என்று சொல்லிவிடுகிறார். நான் சொன்ன பேச்சு கேட்கிறவன். முயலவில்லை. நிஜ போயிங் 747 விமானத்தைக் கொண்டுபோய்க் கட்டடத்தில் மோத வைத்ததை மட்டும் நன்றாக உணர்ந்தேன்.

மல்ட்டிவெர்ஸ் பற்றி உங்கள் கருத்து?
*– இந்த உலகத்து வாசகர், காரைக்குடி*

செத்தவர்களைத் திரும்பக் கூப்பிடுவதற்கு ஹாலிவுட் கணக்குப்பிள்ளைகள் கண்டுபிடித்த விஞ்ஞானம். ‘லோகன்’ (2017) படத்தில் வுல்வரின் கண்ணீர் மல்கச் செத்தார். காரியமெல்லாம் முடித்து நாமும் ஆறியிருந்தோம். 2024-இல் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ வந்தது. ஆரம்பமே அந்தக் குழியைத் தோண்டி எலும்பை எடுத்து, அதையே ஆயுதமாக வைத்து அடிப்பதுதான். சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் இனி மல்ட்டிவெர்ஸ் படத்தில் யார் செத்தாலும் எனக்கு அழுகை வராது.

மல்ட்டிவெர்ஸை உருப்படியாகப் பயன்படுத்தியது ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ (2022). அண்டங்கள் எத்தனை இருந்தாலும் அந்த அம்மாவின் பிரச்சினை இரண்டே: வருமான வரி அலுவலகம், பேசாத மகள். இரண்டுமே எந்த அண்டத்திலும் தீராது. மிஷெல் யோ அதற்கு ஆஸ்கர் வாங்கினார். மலேசியாவில் ஈப்போ ஊர்க்காரர் என்பது அங்குள்ள நம் வாசகர்களுக்காக.

‘டாப் கன்: மேவரிக்’ படத்தில் எதிரி நாடு எது?
*– பொது அறிவுப் போட்டிக்குப் படிப்பவர், மதுரை*

தேர்வில் வராது, கவலை வேண்டாம். யுரேனியம் செறிவூட்டுகிறார்கள், பனிமலை இருக்கிறது, கொட்டகையில் பழைய எஃப்-14 விமானம் நிற்கிறது. அமெரிக்காவைத் தவிர எஃப்-14 வாங்கிய ஒரே நாடு ஈரான். ஆனால் வானத்தில் பறப்பதோ ஈரானிடம் இல்லாத அதிநவீனப் போர் விமானம். ஆக, எல்லா நாட்டிலும் படத்தை ஓட்ட வேண்டும் என்பதற்காகவே உருவான நாடு அது. எதிரி விமானிகளுக்கு முகம்கூடக் கொடுக்கவில்லை.

இருந்தும் அந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடிகர்களை நிஜமாகவே எஃப்-18 விமானத்தின் பின் சீட்டில் உட்கார வைத்து, முன்னால் கடற்படை விமானி ஓட்ட, காக்பிட்டுக்குள் கேமரா வைத்து எடுத்தார்கள். கன்னம் கீழே இழுபடுவதும் கண் சொருகுவதும் நடிப்பல்ல. கிராஃபிக்ஸ்காரர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அந்தக் கன்னத்தை அப்படி இழுக்க முடியாது.

ஒரு நாய்க்குட்டிக்காக நாலு படம் முழுக்க ஆட்களைக் கொன்று குவிக்கிறாரே ஜான் விக், நியாயமா?
*– அகிம்சாவாதி, வேலூர்*

நாய் வளர்ப்பவரிடம் கேட்டால் நாலு படம் போதாது என்பார்.

இயக்குநர் சாட் ஸ்டஹெல்ஸ்கி, ‘மேட்ரிக்ஸ்’ காலத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். அடி வாங்கியவருக்குத்தான் அடியை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று தெரியும். கேமராவைத் தள்ளி வைத்து, நீளமாக ஓட விடுகிறார். நாலாம் பாகத்தில் (2023) பாரிஸின் சாக்ரே கர் தேவாலயத்துக்கு ஏறும் 222 படிக்கட்டு. விடிவதற்குள் மேலே போயாக வேண்டும். ஏறுகிறார், அடிக்கிறார், ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிட்டார், அங்கிருந்து ஒரே உருட்டு, கீழே தரைக்கு. தியேட்டரில் சிரிப்பு வந்தது. ஆனால் மறுபடி ஏற வேண்டுமே என்று எனக்கு மூச்சு வாங்கியது. குறை ஒன்றே: அந்தக் குண்டு துளைக்காத கோட்டு. 169 நிமிடமும் அதுதான் நடிக்கிறது. தைத்த தையல்காரரின் பெயரை முதல் டைட்டிலிலேயே போட்டிருக்கலாம்.

உயிரைப் பணயம் வைக்கும் ஸ்டன்ட் கலைஞர்களுக்கு ஆஸ்கர் கிடையாதாமே?
*– முன்னாள் சிலம்பக்காரர், தூத்துக்குடி*

இதுவரை கிடையாது. 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து தரப்போவதாக 2025-இல்தான் அறிவித்தார்கள். கவுன் தைத்தவருக்கும் மீசை ஒட்டியவருக்கும் எப்போதிருந்தோ தருகிறார்கள். இந்த விஷயத்தில் நாம் முந்திவிட்டோம்: 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில், மலையாள ‘புலிமுருகன்’ படத்துக்காக பீட்டர் ஹெயின் வாங்கினார். பிறகு நம் அன்பறிவ் இரட்டையர்கள் ‘கே.ஜி.எஃப்.’ படத்துக்காக வாங்கினார்கள்.

செயற்கை நுண்ணறிவு வில்லனாக வரும் படங்களில் எது பிடித்தது?
*– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்*

‘மிஷன் இம்பாசிபிள்: டெட் ரெக்கனிங்’கில் (2023) ‘என்டிட்டி’ என்று ஒரு கணினி மூளை. வில்லன் என்றால் ஒரு மீசை, ஒரு பூனை, ஒரு உள்ளங்கையாவது வேண்டாமா? வெறும் நீலப் புள்ளிகள். டாம் குரூஸ் நார்வே மலையிலிருந்து மோட்டார் சைக்கிளோடு குதிப்பது எதற்கு என்பதே மறந்துவிடுகிறது. அதைவிட நல்ல படம் வெளியே ஓடியது. இது ரிலீஸான அதே வாரம் ஹாலிவுட் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்கள் முகத்தைக் கணினி நகலெடுத்துக்கொள்ளும் என்ற பயமும் காரணங்களில் ஒன்று. என்டிட்டிக்குக் கால்ஷீட் பிரச்சினையே இல்லை.

கிராஃபிக்ஸ் நன்றாக வர நூறு கோடி, இருநூறு கோடி வேண்டும் என்கிறார்களே?
*– வருங்காலத் தயாரிப்பாளர், கோபிசெட்டிபாளையம்*

உங்கள் பணத்தை அவர்களிடம் கொடுப்பதற்கு முன் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ (2023) பாருங்கள். மொத்தச் செலவே ஒன்றரைக் கோடி டாலருக்கும் கீழே. ஹாலிவுட்டில் அது ஒரு சூப்பர் ஹீரோவின் சம்பளம். கிராஃபிக்ஸ் ஆட்கள் 35 பேர், 610 ஷாட். இயக்குநர் தகாஷி யமசாகியே கதை எழுதி, கிராஃபிக்ஸையும் மேற்பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் ஒரு ஷாட் சரியா தப்பா என்று சொல்ல மின்னஞ்சல், கமிட்டி, காலதாமதம் எதுவும் இல்லை. 2024 ஆஸ்கரில் ‘மிஷன் இம்பாசிபிள்’, ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு கிராஃபிக்ஸ் விருதைத் தூக்கிப் போனார். இயக்குநர் ஒருவரே அந்த விருதை வாங்கியது ஸ்டான்லி குப்ரிக்குக்குப் பிறகு இவர்தான். மேடைக்கு அவரும் குழுவினரும் காட்ஸில்லா நகம் பதித்த ஷூ போட்டு வந்தார்கள்.

படத்தில் மிரட்டுவது பட்ஜெட் அல்ல. கடலில் ஒரு ஓட்டை மரப்படகு, பின்னால் அந்தத் தலை மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. படகில் இருக்கும் நாலு பேரையும் நமக்குத் தெரியும். ஒருவன் போரில் சாகப் பயந்து தப்பி வந்த விமானி. நகரம் நொறுங்கும்போது நாம் பார்ப்பது கட்டடத்தை அல்ல, அவன் முகத்தை.

வேற்றுக்கிரகவாசிகள் ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குகிறார்கள்? நம் ஊருக்கு வரவே மாட்டார்களா?
*– மொட்டை மாடியில் காத்திருப்பவர், கும்பகோணம்*

2024 பொங்கலுக்கு ‘அயலான்’ வந்தாரே, சித்தார்த் குரலில் தமிழ் பேசிக்கொண்டு. அதற்கு முன்னாலும் வந்திருக்கிறார்கள். 1963-இல் ‘கலை அரசி’ என்று ஒரு படம், எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது. ஹாலிவுட்டுக்கு வருகிறவர்கள் ஒன்று பூமியின் வளத்தைக் கேட்பார்கள், இல்லை நியூயார்க்கை இடிப்பார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் கிரகத்தில் எல்லாம் இருந்தது, சங்கீதம் மட்டும் இல்லை. அதனால் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பாட்டு டீச்சராக.